சட்டைக்குள் வைக்கும் சின்ன பிஸ்டலுக்கு எந்தப் பிடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், அதிலும் டெக்சாஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் சின்னத் துப்பாக்கி ஒன்று வாங்கியதும் அடுத்துக் கேட்பது, "பிடியை மாத்தலாமா, எதுல மாத்தலாம்?" என்பதுதான். மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துகிற பதில்கள் இவை. வீட்டில் வைத்துக்கொள்ளும் பெரிய பிஸ்டலுக்கும், ரேஞ்சில் குறி பார்த்துச் சுடுவதற்கும் கணக்கு வேறு.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பிடியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுவோம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாரும், துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இங்கே சறுக்கினால் விசாவே போய்விடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. "டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டாமாமே" என்று சிலர் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம், கூட்டாட்சித் தடையை அது தொடவே இல்லை.

கடையில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் பிடிதான் கைக்குச் சுகமாக இருந்தது. அதையே வாங்கிவிடலாமா?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். கடையில் ஏசி ஓடும், கை உலர்ந்திருக்கும், துப்பாக்கி கண்ணாடி மேசை மேல் இருக்கும். உங்கள் கை மட்டும்தான் அங்கே தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கியின் பிடி நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் கையை இல்லை, சட்டையையும் இடுப்புச் சதையையும்தான்.

கை கேட்பது ஒன்று, சட்டை கேட்பது நேர் எதிரானது. வழுக்கக் கூடாது, ஒட்டிப் பிடிக்கணும் என்கிறது கை. சட்டைக்கு அதே ஒட்டல்தான் தொல்லை. ரப்பர் துணியைப் பற்றிக்கொள்ளும், அதுவும் மெல்லிய பருத்தி டி-ஷர்ட் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தியன் ஸ்டோரில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையைக் கீழ்த்தட்டிலிருந்து குனிந்து தூக்குங்கள். நிமிரும்போது சட்டை தானாகக் கீழே இறங்கணும். ரப்பர் பிடி இருந்தால் துணி அதன் மேலேயே தங்கிவிடும், இடுப்பில் ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்கும். பின்னால் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அப்புறம் அடிக்கடி சட்டையை இழுத்துவிடும் பழக்கம் வந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய அடையாளம் வேறு வேண்டாம்.

ரப்பரே கூடாது என்று சொல்லவில்லை. பேன்ட் பாக்கெட்டில் உறையோடு வைப்பவர்களுக்கும், கணுக்காலில் கட்டுபவர்களுக்கும், குளிர் மாநிலத்தில் வருஷத்தில் பாதி நாள் ஜாக்கெட் போடுபவர்களுக்கும் சட்டைப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. ஆனால் பாக்கெட்டில் வைப்பவர் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: வெளியே எடுக்கும்போது ரப்பர் பாக்கெட்டின் உள்துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

அப்படியானால் உங்கள் சிபாரிசு என்ன?

சொரசொரப்பை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். பிடியின் முன்பக்கம், அதாவது மூன்று விரல்கள் சுற்றி அழுத்தும் இடமும், உள்ளங்கை முட்டுகிற பின்பக்கமும் சொரசொரப்பாக இருக்கட்டும். சுடும்போது துப்பாக்கி கைக்குள் நகராமல் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்கள்தான். பக்கவாட்டுப் பலகைகள் இரண்டும் சற்று வழவழப்பாக, மிஞ்சிப் போனால் மிதமான சொரசொரப்போடு இருந்தால் போதும். சட்டையும் உடம்பும் உரசுவது அவற்றில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு எந்தப் பொருளை எடுத்தாலும் பெரிய தவறு வராது. ஒரே பதில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பலகை மாற்றக்கூடிய துப்பாக்கிக்கு மிதமான ஜி-10 அல்லது மைகார்ட்டா, மாற்ற முடியாத பாலிமர் (கெட்டிப் பிளாஸ்டிக்) துப்பாக்கிக்கு முன்னும் பின்னும் மட்டும் சொரசொரப்பான ஒட்டுத்தாள்.

ஜி-10 என்றால் என்ன? ஏன் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்?

கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, எப்பாக்ஸி ஊற்றி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்கியது. நம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம். தண்ணீர் குடிக்காது, வியர்வையில் ஊறாது, எண்ணெயும் துப்பாக்கி கழுவும் திரவமும் ஒன்றும் செய்யாது, வெயிலில் காரில் கிடந்தாலும் வளையாது. ரொம்ப மெல்லிசாகச் சீவினாலும் உடையாது என்பதால் பிடியின் தடிமனைக் குறைக்க இதைவிட நல்லது கிடையாது.

கெட்ட பக்கமும் உண்டு. கடைக்காரர்கள் "அக்ரெசிவ்" என்று பெயர் வைத்து விற்கிற பள்ளம் வெட்டிய ஜி-10 புதிதாகக் கொத்திய அம்மிக்கல் மாதிரி இருக்கும். கைக்கு அருமை. ஆனால் அதை இடுப்புக்குள் வெறும் தோலோடு வைத்துக்கொண்டு ஹூஸ்டன் ஆகஸ்ட்டில் ஒரு பகல் நடந்தால் சாயங்காலம் பக்கவாட்டில் சிவந்து எரியும். கீழே பனியன் போடுங்கள், அல்லது உடம்புப் பக்கம் உயரமாகத் தடுப்பு வைத்த உறை வாங்குங்கள், அல்லது உடம்பைத் தொடும் பலகையை மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஜி-10ஐ வீட்டிலேயே தேய்க்கலாமா?

தேய்க்கலாம், தண்ணீரில் வைத்து மட்டும். பலகையைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, நனையும் உப்புத்தாளில் 220 நம்பரில் ஆரம்பித்து அதைவிட நைசான 400 நம்பரில் முடித்தால் போதும், மேடுகளின் நுனி மட்டும் மழுங்கினால் போதும், பள்ளம் அப்படியே இருக்கட்டும். உலர்ந்த தூளில் கண்ணாடி இழை இருக்கிறது, மூச்சில் போகக் கூடாது, தோலில் பட்டாலும் அரிக்கும். முகமூடி போடுங்கள், சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். தேய்த்த இடம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். மினரல் ஆயில் ஒரு சொட்டு துணியில் எடுத்துத் துடைத்தால் நிறம் திரும்ப வந்துவிடும்.

மைகார்ட்டா அதுதானே, வேறு பெயரில்?

சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். இது பழையது, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1910 வாக்கில் மின்சாரக் காப்புக்காகக் கொண்டுவந்தது. கண்ணாடி இழைக்குப் பதில் லினன், கான்வாஸ் துணி அல்லது காகிதம், எப்பாக்ஸிக்குப் பதில் ஃபீனாலிக் பிசின். மெருகு போடாத கான்வாஸ் மைகார்ட்டா கையில் உலர்வாக, லேசான துணித்தன்மையோடு இருக்கும், ஈரம் பட்டால் வழுக்காமல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். வியர்க்கிற கைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். கை எண்ணெய் ஏறி ஏறி நிறம் கறுத்துக்கொண்டே போகும், அது பிடிக்காதவர்கள் ஜி-10க்கே போய்விடுங்கள்.

மரம் வைக்கலாமா? அழகாக இருக்கிறதே.

வைக்கலாம், மரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வழவழப்பான மரம் சட்டையைப் பிடிக்கவே பிடிக்காது, மறைத்து வைப்பதற்கு அது பெரிய தகுதி. தோலையும் அறுக்காது. சின்ன ரிவால்வர்களில் மெல்லிய வால்நட் பலகை இத்தனை வருஷம் ஓடியது சும்மா இல்லை. பிரச்சினை ஈரக் கை. அதற்காகக் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டிய மரம் வாங்கினால் பிடிப்பு கொஞ்சம் கூடும்.

எண்ணெய்ப் பசை உள்ள மரங்களுக்கு வியர்வை அவ்வளவாக ஏறாது. கோகோபோலோ அப்படி, நம் ஊர் ஈட்டி மரமும் அப்படி. இந்தியன் ரோஸ்வுட் என்று போட்டு விற்கும் பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே தோதகத்திதான். 2017 ஜனவரியிலிருந்து அந்த மரக்குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த சின்னப் பொருள்களுக்கு 2019ல் தளர்வு கொடுத்துவிட்டார்கள் என்பதால் ஒரு ஜோடிப் பிடி வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை. கோகோபோலோவை நீங்களே இழைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம், அதன் தூள் பலருக்குத் தோலில் ஒவ்வாமை கொண்டுவரும்.

மெருகு உரிந்தால் கழற்றி, ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. தடவிய துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள்.

தந்தம், முத்துச்சிப்பி, மான் கொம்பு?

இரண்டாம் உலகப்போர் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டன் வைத்திருந்தாரே என்று கேட்பார்கள். அவருடைய பிடி தந்தம். முத்து என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பது பிரசித்தம். அவர் அதை இடுப்புக்கு வெளியே, ஊருக்கே தெரியும்படி தொங்கவிட்டார், நாம் மறைக்கப் பார்க்கிறோம். ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை அமெரிக்கா 2016ல் கிட்டத்தட்ட முழுசாக மூடிவிட்டது, நூறு வருஷம் தாண்டிய பழம்பொருள் போன்ற சிலவற்றைத் தவிர. மாமூத் தந்தம் என்று விற்பதையும் கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்கள் தடுக்கின்றன. முத்துச்சிப்பி கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும். கொம்பில் பெயர்போனது நம் கடமான் கொம்பு, இந்தியா அதன் ஏற்றுமதியை 1990களின் கடைசியில் நிறுத்திய பிறகு மிச்சமிருக்கும் பழைய சரக்குக்கு யானை விலை. போதாக்குறைக்கு மேடுபள்ளமாகத் தடிமனாக இருக்கும். அலமாரிக்குச் சரி.

என்னுடையது கிளாக் 43 / ரூகர் எல்சிபி. பிடியைக் கழற்ற ஸ்க்ரூவே காணோமே?

இருக்காது. இவற்றில் பிடியும் உடலும் ஒரே பாலிமர் வார்ப்பு, மாற்ற முடியாது, மேலே ஏதாவது சேர்க்கத்தான் முடியும். வழிகள் மூன்று.

ஒட்டுத்தாள் முதல் வழி. அந்தந்தத் துப்பாக்கிக்கு அளவாக வெட்டியே வருகிறது, ரப்பர் வகையும் மணல் வகையும் உண்டு. மணல் வகை நடைமுறையில் உப்புத்தாள்தான், சட்டையின் உள்பக்கத்தை நாளடைவில் பஞ்சாக்கிவிடும். அதனால்தான் முன்னும் பின்னும் மட்டும் ஒட்டச் சொல்கிறேன். ஒட்டுமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, ஒட்டியபின் ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி ஓரங்களை அழுத்துங்கள், இல்லாவிட்டால் வியர்வை முதலில் மூலையைத்தான் கிளப்பும்.

இரண்டாவது, மேலே மாட்டும் ரப்பர் உறை, அல்லது சைக்கிள் டியூபை ஒரு துண்டு வெட்டி இழுத்து மாட்டுவது. டியூப் வைத்தியம் பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் எல்சிபி போல முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடிய தடிமன் உள்ள ஒன்றை அது மெல்லிசு என்பதற்காக வாங்கிவிட்டு, மேலே ரப்பரைச் சுற்றித் தடிமனாக்குவதில் எனக்கு அவ்வளவு நியாயம் தெரியவில்லை.

மூன்றாவது, சூடான சாலிடரிங் கம்பியால் பாலிமரில் புள்ளி புள்ளியாகக் குத்துவது. நன்றாகச் செய்தால் பிரமாதம், கோணலாகப் போனால் திருப்பவே முடியாது, உத்தரவாதமும் விற்கும் விலையும் போகும், புகையும் நல்லதில்லை. செய்தே தீரணும் என்றால் அதற்கென்றே இருக்கும் ஆளிடம் கொடுங்கள்.

சிக் பி365 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு யோகம். 2018ல் வந்த அந்தத் துப்பாக்கியில் சட்டப்படி "துப்பாக்கி" எனப்படுவது உள்ளே இருக்கும் வரிசை எண் போட்ட எஃகுச் சட்டம்தான், வெளிப்பிடி வெறும் ஓடு. ஓட்டைத் தபாலிலேயே வரவழைத்து முழுசாக மாற்றிக்கொள்ளலாம், பாலிமரிலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது. அலுமினியம் எடையைக் கூட்டும், சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதைப்பு கொஞ்சம் அடங்கும், குளிர்நாளில் கையில் சில்லென்று குத்தும்.

என்னுடையது ஸ்மித் அண்ட் வெஸன் ஜே-ஃபிரேம் என்ற குட்டி ரிவால்வர். உதைப்பு தாங்கவில்லை. ரப்பர் போட்டால் குறையுமா?

வலி குறையும், உதைப்பு குறையாது. அரைக் கிலோகூட இல்லாத 642 போன்ற ரிவால்வரில் பின்பக்க உலோகம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில் நேராக இடிக்கிறது. பின்பக்கத்தையும் மூடுகிற ரப்பர் பிடி அங்கே ஒரு மெத்தை வைக்கிறது. ஆனால் அந்த மெத்தையின் தடிமன் அளவுக்கு டிரிகர் உங்கள் விரலிலிருந்து தள்ளிப்போகும், சின்னக் கை உள்ளவர்களுக்கு விரல் எட்டாமல் குறி ஒரு பக்கமாக இழுக்கும். பெண்கள் பலர் ரப்பர் போட்டபின் இன்னும் மோசமாகச் சுடுகிறார்கள் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், பயம் இல்லை. பின்பக்கம் திறந்த, அடி குட்டையான "பூட் கிரிப்" என்ற வகையைப் போட்டுப் பாருங்கள். அதோடு தோட்டாவையும் மிதமானதாக மாற்றுங்கள், பிடி செய்வதைவிட அது அதிகம் செய்யும்.

வாங்குமுன் இடது பலகையின் மேல்பக்கம் குடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் போடும் ஸ்பீட்லோடர் முட்டும், சுட்டு முடிந்த தோட்டாக்களின் காலிக் குப்பிகளும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சுண்டுவிரல் தொங்குகிறது. நீளமான பிடி வாங்கலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். மறைக்கக் கஷ்டமானது குழல் இல்லை, பிடியின் நீளம்தான். குழல் பேன்ட்டுக்குள் போய்விடுகிறது, பிடியின் அடிமூலைதான் சட்டையைக் குத்துகிறது. மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) அடியில் சுண்டுவிரல் தாங்க ஒரு சின்ன நீட்டிப்பு போட்டுப் பாருங்கள், அதுவும் துருத்தினால் சுண்டுவிரலை அடியில் மடக்கிக்கொண்டு சுடப் பழகிவிடலாம்.

வியர்வை, துரு, கொசு மருந்து?

கொசு மருந்தைக் கேட்டது ஒரே ஒருவர், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. டீட் கலந்த கொசு மருந்து பலவகைப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும், வார்னிஷையும் உரிக்கும். கையில் அடித்துக்கொண்டு அப்படியே பிடியைத் தொட்டால் மரத்தின் மெருகு பிசுபிசுக்கும், சில ரப்பர்கள் கொழகொழவென்றாகும். கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

துரு பிடி மேல் வராது, பிடிக்கு அடியில் வரும். எஃகு உடல் உள்ள துப்பாக்கியில் வியர்வை பலகைக்கும் உலோகத்துக்கும் நடுவே இறங்கித் தங்கும், வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். கோடைக்காலத்தில் அடிக்கடி பலகையைக் கழற்றி, உப்பைத் துடைத்து, உலோகத்தில் லேசாக எண்ணெய் காட்டுங்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியில் செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த பிடி இருந்தால் அதை உடனே தனியாக எடுத்து வையுங்கள், அது சிதையும்போது விடுகிற அமில ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகையும் தின்னும்.

நானே மாட்டலாமா?

தாராளமாக. மேகசினை எடுத்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் குழியைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வீட்டில் வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் முனை உள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சமையலறை டிராயரில் கிடப்பதை வைத்துத் திருகினால் தலை நாசமாகும். மெல்லிய பலகை வாங்கியிருந்தால் அதற்கேற்ற குட்டை ஸ்க்ரூவும் வேண்டியிருக்கும், பழைய நீளமான ஸ்க்ரூ உள்ளே போய் மேகசினை உரசும். கையால் இறுகும் வரை போதும், முக்காதீர்கள். மரமும் முத்துச்சிப்பியும் ஸ்க்ரூ ஓட்டையில்தான் விரியும்.

சிக் பி938 மாதிரி சேஃப்டி (தவறிச் சுடாமல் பூட்டும் நெம்பு) இரண்டு பக்கமும் உள்ள துப்பாக்கிக்கு, வலது பலகையிலும் அதற்கான வெட்டு இருக்கிறதா என்று வாங்குமுன்னே பாருங்கள். மாட்டியபின் தோட்டா இல்லாமல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: சேஃப்டி முழுசாக ஏறி இறங்குகிறதா, மேகசின் பொத்தானைப் பலகை மறைக்கிறதா, மேகசின் தானாக விழுகிறதா, பழைய உறைக்குள் பழைய மாதிரியே உட்காருகிறதா. இது முடிந்து ரேஞ்சில் சுட்டுப் பார்த்த பிறகுதான் இடுப்பில் வையுங்கள்.

விலை?

ஒட்டுத்தாள் 20 டாலர் பக்கம், ரப்பர் 30 பக்கம், ஜி-10, மைகார்ட்டா, நல்ல மரம் எல்லாம் 50க்கு மேல் 100க்குள். அதற்கு மேல் போனால் அழகுக்குக் கொடுப்பது.

ஊருக்குப் போகும்போது மச்சானுக்கு ஒரு ஜோடி ஜி-10 பலகை பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாமா? அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது.

போடாதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது, அமெரிக்கப் பக்கமும் பாகங்களுக்கு ஏற்றுமதி விதி உண்டு. சென்னை ஏர்போர்ட் சுங்கத்தில் "இது வெறும் பலகை சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்பதற்கு மச்சானே உள்ளூரில் ஒரு தச்சரிடம் அளவு கொடுத்து ஈட்டி மரத்தில் செய்துகொள்ளலாம்.

கழற்றிய பழைய பிடியை என்ன செய்வது?

அதன் ஸ்க்ரூவோடு ஒரு ஜிப் பையில் போட்டு, வெளியே மாடல் பெயரை எழுதி, துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.